சாசேஜின் நாடித்துடிப்பு

எங்கள் வீட்டுச் சரக்கறையில் தொங்கும் சாசேஜுக்கு நாடித்துடிப்பு எழுபத்தொன்று. தூக்கம் நன்று, மன அழுத்தம் குறைவு. நான் சொல்லவில்லை, கைப்பேசி சொல்கிறது. கிராம்பு மணக்கும் காய்ந்த இறைச்சிச் சாசேஜ் அது, நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரிஸ்லாந்துப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தொங்குவது. அதன் இடுப்பில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டிருந்தேன். பட்டைக்கு அடியில் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இதே பட்டைதான் என் கணவன் ஹில்கேயின் இடது கையிலும் இருந்தது.

ஹில்கேவுக்கு இதயம் தாளம் தப்பும் நோய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். "இந்த மாத்திரை ரத்தத்த உறையவிடாது, விடாம போடுங்க, மத்தபடி எப்பவும் போல இருங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ரத்தக் கட்டி மூளைக்குப் போகலாம் என்றார். அதைச் சொன்ன கையோடு ஜன்னலைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறதே என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான், எதையும் பெரிதுபடுத்த மாட்டோம். நானும் வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல மனுஷா, மாத்திரை தானே" என்றேன். அவனும் தலையாட்டினான். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவன் தங்கை பௌக்யா. நல்ல மனசுக்காரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விளம்பரம் என்று ஒன்று வந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. காந்தச் செருப்பு, கல் போட்ட தண்ணீர்ப் பாட்டில், கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று அவள் அலமாரியே ஒரு கண்காட்சி. இந்தப் பட்டைக்குப் பெயர் ரிட்மோவின்.

"அண்ணே, இதக் கட்டிக்கோ. லேசா கரண்ட் குடுக்கும், சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். ஃபோன்ல தினம் ஒரு பயிற்சி இருக்கு, ஒரு பொண்ணு பேசுவா, ஏதாவது கேட்டா பதிலும் சொல்லுவா. தாளம் தானா சரியாயிடும். எனக்கே முட்டிவலி போயிடுச்சு."

"முட்டிக்கும் இதயத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன்.

"எல்லாம் ஒரே உடம்பு தானே அண்ணி!"

ஹில்கே கையை நீட்டினான். அவள் கட்டிவிட்டாள்.

இப்படிப்பட்ட சாமான்களைத் துருவிப் பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் வட்டாரத்து வாரப் பத்திரிகையில் 'வாங்கலாமா?' என்று ஒரு பத்தி எழுதுகிறேன். இளைக்க வைக்கும் பெல்ட், தூங்க வைக்கும் விளக்கு, மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கும் செயலி, எதுவானாலும் சொந்தக் காசில் வாங்கிப் பார்த்து, பெரும்பாலும் திட்டி எழுதுவேன். ரென்ஸ்கே கைக்கு ஒரு பொருள் போனால் அது உருப்படாது என்று ஊரில் பேச்சு. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை உட்கார்ந்து ரிட்மோவினைக் குடைந்தேன். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டோடு சிரிக்கும் பேராசிரியரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தேடினால், அதே மனிதர் பெல்ஜியத்தில் ஜன்னல் சட்டம் விற்கிறார். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றார்கள். ஆய்வைச் செய்தது கம்பெனி ஆட்களேதான். பட்டையைக் கட்டியவர்களைக் கட்டாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இல்லை. நாலு பேரில் மூணு பேருக்கு சுகமாம். பிடிக்கவில்லை என்று பாதியில் திருப்பி அனுப்பியவர்களை அந்த நாலு பேரில் சேர்க்கவே இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி: இது மருத்துவக் கருவி அல்ல, நல்வாழ்வுப் பொருள் மட்டுமே.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"இதப் படிச்சியா? மருத்துவக் கருவி இல்லன்னு அவனே போட்டிருக்கான்."

ஹில்கே கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தான். "எழுத்து ரொம்ப பொடிசா இருக்கு."

"நீ படிக்கக் கூடாதுன்னுதான் பொடிசா போட்டிருக்கான்!"

"ரென்ஸ், எனக்கு நல்லாத் தூக்கம் வருது. விடேன்."

"மாத்திரை போடற இல்ல?"

"போடறேன்."

காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வாரா வாரம் மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். அறை அறையாக ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தது. அதனால் அதை அதோடு விட்டேன்.

ஆனால் மனசு அடங்கவில்லை. ஹில்கே கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடும் வேலை பார்க்கிறவன். பாலத்துமேல் அவன் உட்காரும் சின்ன அறைக்கு ஏணிப்படி உண்டு, வருஷக்கணக்காக விசில் அடித்துக்கொண்டே ஏறுவான். இப்போது வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்ப்பது போல் நடித்தான். அத்தனை வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத படம் அது. நான் கீழே நின்று, எப்போது அடுத்த படியில் கால் வைப்பான் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் வந்ததும் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவேன், நான் கேட்டுக்கொண்டிருந்தது தெரியக் கூடாதே என்று.

காலையில் அவன் பேசுவதே அந்த மதிப்பெண்ணைப் பற்றித்தான்.

"இன்னிக்கு எண்பத்தெட்டு, ரென்ஸ்."

"நூத்துக்கா?"

"ஆமா. அமைதியான இதயமாம்."

அப்போதுதான் எனக்கு சாசேஜ் ஞாபகம் வந்தது. எந்தக் கருவியைச் சோதித்தாலும் உயிருள்ளதற்கு ஒன்று, உயிரில்லாததற்கு ஒன்று என்று மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் விஷயம் முடிந்தது. அதற்கு இன்னொரு பட்டை வேண்டும். முழு விலையைப் பார்த்ததும் கை வரவில்லை. பட்டை வாங்கியவர்கள் மற்றவர்களைச் சேர்த்துவிடக் கம்பெனி ஆளுக்கு ஒரு அழைப்பு எண் கொடுத்திருந்தது, பௌக்யாவின் எண்ணைப் போட்டால் பாதி விலை. பாதி விலை என்று கேட்டபின் எங்கள் ஊரில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது, எனக்கும் செய்யவில்லை. அவள் எண்ணைப் போட்டு வாங்கினேன்.

சாசேஜுக்கு டர்க் என்று பெயர் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதனால் ஹில்கேயின் வயசு, ஹில்கேயின் நோய், ஹில்கேயின் மாத்திரை எல்லாவற்றையும் அப்படியே டர்க்குக்கும் பதிந்தேன். பழைய கைப்பேசி ஒன்றை வெங்காயக் கூடைமேல் வைத்து, தினமும் பயிற்சியைப் போட்டுவிட்டேன். தேன் வடியும் குரலில் ஒரு பெண், "மூச்சை உள்ளே இழுங்கள், டர்க்" என்பாள். டர்க் சும்மா தொங்கும்.

முதல் வாரமே டர்க் ஹில்கேயை முந்திவிட்டது. நான் சரக்கறையில் தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். பத்திக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது: இந்தச் சாசேஜுக்குக் கொடுக்கிற எண்ணைத்தானே அவன் காலையில் முகம் மலர்ந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறான்? அப்படியானால் அவன் இதயம் உண்மையில் எப்படி இருக்கிறது? யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. அந்த எண்ணம் வந்த பிறகு டர்க்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை அவன் பிறந்தநாள். பிறந்தநாள் கழியட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

எங்கள் ஊர்ப் பிறந்தநாள் எப்படியென்றால், வீட்டில் இருக்கும் நாற்காலியையெல்லாம் வட்டமாகப் போட வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றிவந்து எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரனை மட்டுமல்ல, அவன் பெண்டாட்டியை, தங்கையை, பக்கத்து வீட்டுக்காரரைக்கூட. அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டை யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். உட்கார்ந்துவிட்டால் நடுவில் எழுந்து போக முடியாது, வட்டம் மொத்தமும் பார்க்கும்.

அன்று பௌக்யா வந்தாள், அவள் புருஷன் கெர்பென் வந்தான், பக்கத்து வீட்டு யூப் வந்தார். யூப்புக்குக் காது மந்தம், எண்பதைத் தாண்டியவர், கேக்குக்கு நேரம் தவறாதவர்.

"ரென்ஸ்கே, உன் புருஷனுக்கு வாழ்த்துகள்!" என்று கத்தினார்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரனுக்கு வாழ்த்துகள்!" என்று நானும் கத்தினேன்.

ஹில்கே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தானே தவிர, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எனக்கு அவனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

காப்பி முடிந்ததும் பௌக்யா எழுந்தாள். "இன்னிக்கு ஒரு விசேஷம் காட்டப் போறேன்!" என்று தன் கைப்பேசியில் இருப்பதை எங்கள் டிவியில் தெரியவைத்தாள். பெரிய எழுத்தில் 'பௌக்யாவின் நல்வாழ்வு வட்டம்' என்று வந்தது. அவள் எண்ணைப் போட்டுப் பட்டை வாங்கியவர்கள் எல்லாரும் தானாக அந்த வட்டத்தில் சேர்ந்துவிடுவார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்? ஊர் விளம்பரத்தில் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவள், பாதி விலைக்குப் பல்லைக் காட்டி மாட்டிக்கொண்டேனே!

"கெர்பென் எழுபத்தொம்பது. ராத்திரி பீர் குடிச்சா இப்படித்தான்," என்று பௌக்யா வாசித்தாள். "நான் எண்பத்தாறு. அண்ணன் தொண்ணூத்தொண்ணு! கை தட்டுங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஹில்கே லேசாகச் சிரித்தான்.

"மேல இன்னொருத்தன் இருக்கானே," என்றான் கெர்பென். "டர்க், தொண்ணூத்திமூணு. யாரு அது?"

"டர்க்கா?" என்றார் யூப். "மீன் கட டர்க்கா? அவன் போன வருஷமே செத்துட்டானே!"

"இது வேற டர்க், யூப். என் எண்ணப் போட்டு வாங்கியிருக்காரு, யாருன்னுதான் தெரியல. ஆனா பாருங்களேன், அண்ணனுக்கு இருக்கற அதே நோய், அண்ணன விட நல்லாப் பண்றாரு!" பௌக்யாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதற்கு மேல் என்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது, மண்ணாவது.

"இருங்க, டர்க்கக் கூட்டிட்டு வரேன்," என்று எழுந்து போனேன். சாசேஜைப் பட்டையோடு கழற்றிக் கொண்டுவந்து, வட்டத்தின் நடுவில் கடுகு விழுதுக் கிண்ணத்துக்கும் பாலாடைக்கட்டித் தட்டுக்கும் நடுவே வைத்தேன். பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இவர்தான் டர்க். வாழ்த்து சொல்றவங்க சொல்லலாம்."

முதலில் யூப்தான் சிரித்தார், தொடையைத் தட்டிக்கொண்டு. கெர்பென் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஏய் பௌக்யா, உன் பொருளு சாசேஜுக்கும் வேலை செய்யுது போ! நீ அத விளம்பரத்துல போடச் சொல்லு!"

"அண்ணி! இது நியாயமா?" பௌக்யாவின் காது வரை சிவந்துவிட்டது. பதற்றத்தில் அவள் விரல் கைப்பேசியில் எங்கேயோ பட்டது. டர்க்கின் பெயர் பெரிதாக விரிந்தது. தேன் வடியும் குரல் எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது.

"வாழ்த்துகள், டர்க். உங்கள் இதயம் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. இனிமேலும் மாத்திரை தேவையா? உங்கள் உடலைக் கேளுங்கள். உடலுக்குத் தெரியும்."

சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. "சாசேஜு மாத்திரைய நிறுத்தப் போகுதாம்!" என்று கெர்பென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஹில்கேயைப் பார்த்தேன்.

அவன் சிரிக்கவில்லை. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. 'உங்கள் உடலைக் கேளுங்கள்' என்று அந்தக் குரல் சொன்னதையே அது சத்தமில்லாமல் திரும்பச் சொன்னது. 'உடலுக்குத் தெரியும்' என்று முடித்தும் விட்டது. அந்த வாசகம் அவனுக்கு மனப்பாடம்.

"ஹில்கே," என்றேன். "மாத்திரையெல்லாம் எங்க?"

வட்டம் அடங்கியது. யூப் மட்டும், "என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த மாத்திரை?" என்றான் ஹில்கே.

"டப்பா காலியாகுது. வயித்துக்குள்ள போகல. அப்ப எங்க போகுது?"

அவன் கேக் தட்டை மெதுவாக ஜன்னல் திண்டில் வைத்தான். "பாலத்துல. மேஜை டிராயர்ல."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"அட பாவி மனுஷா!" என்று கத்தினேன். "நான் நிரப்பி நிரப்பி வெக்கறேன், நீ பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போறியா?"

"எல்லாரும் இருக்காங்க, ரென்ஸ்."

"இருக்கட்டுமே!"

எழுந்து கைப்பேசியைத் தேடினேன். எங்கள் ஊரில் சும்மா போய் டாக்டர் முன்னால் நிற்க முடியாது, முதலில் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும், அதுவும் சனிக்கிழமை என்றால் விடுமுறை டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

"யாரையும் தொந்தரவு பண்ணாத," என்றான் ஹில்கே. "எனக்கு ஒண்ணும் பண்ணல. பாராசிட்டமால் போட்டுட்டுப் படுங்கன்னுதான் சொல்லுவாங்க. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

சாதாரண நாளாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். காய்ச்சல் வந்தாலும், எலும்பு முறிந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுத்துப் பார்க்கிற ஜனம் நாங்கள். அன்று பொறுக்கவில்லை. ஃபோனில் பேசிய பெண் மாத்திரையின் பெயரைக் கேட்டாள், எத்தனை நாளாகப் போடவில்லை என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கெர்பென் காரை எடுத்தான். பௌக்யா வாசலில் நின்று அழுதாள். வழியெல்லாம் நான் பின் சீட்டிலிருந்து ஹில்கேயின் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வளைவில் அவன் தலை சாய்ந்தது. "ஹில்கே!" என்று அலறிவிட்டேன். "சிக்னலப் பாத்தேன்டி," என்றான்.

டாக்டர் ஓசிங்கா என்று ஒரு இளம்பெண். அவன் வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தாள். இடது கையில் பட்டை. அதில் ஒரு பச்சை முகம் சிரித்தது, பக்கத்தில் 'அமைதி' என்று எழுதியிருந்தது. நான் அவள் முகத்தையும் அந்தப் பச்சை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் விரலை எடுக்கவே மாட்டேன் என்றாள். ஏன் இவ்வளவு நேரம்?

"இது எப்பலேர்ந்து இப்படி ஓடுது?" என்றாள் கடைசியில்.

"ஓடுதா?" ஹில்கே இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இங்க அமைதின்னு போட்டிருக்கே."

"அது எதப் பாத்து சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது, ஐயா. என் விரலுக்கு ஒண்ணு ரெண்டு வருது, அப்புறம் ஒண்ணக் காணோம், அப்புறம் நாலு சேர்ந்து ஓடி வருது." பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேஜைமேலும் அது அமைதி என்றே காட்டியது. "சமீபத்துல எப்பவாவது கை கால் மரத்துப் போச்சா? பேச்சு குழறிச்சா?"

"இல்ல," என்றான்.

நான் மூச்சு விட்டேன். அவள் எழுதத் தொடங்கினாள். ஹில்கே தரையைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை," என்றான். "பாலத்துல. படகு வந்து நின்னுச்சு. சாவியப் போட்டுத் திருப்பணும். கைல பிடிக்க முடியல. கீழ விழுந்துச்சு, எடுத்தேன், மறுபடியும் விழுந்துச்சு. படகுக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். ஃபோன்ல இருக்கறவகிட்ட. கரண்டு புது வழி திறக்குது, நல்ல அறிகுறின்னு சொன்னா."

டாக்டர் ஓசிங்கா எழுதுவதை நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"கார்லயே போயிடறோம், வாசல்ல மச்சான் நிக்கறான்," என்றான் ஹில்கே.

"நீங்க கார்ல எங்கயும் போகப் போறதில்ல," என்றாள். "அப்படியே படுங்க."

ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். நான் நடைக்கூடத்தில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்தியில் எழுத வைத்திருந்த கிண்டல் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றும் குமட்டியது. அவன் பேச்சை இழந்து, ஒரு பக்கம் விழுந்து, பாலத்து அறையில் தனியாகக் கிடந்திருந்தால்? ஏணிப்படி ஏறி யார் பார்த்திருப்பார்கள்?

பௌக்யா கூப்பிட்டாள். "அண்ணி, அண்ணன் எப்படி இருக்கான்? நான்தானே கட்டிவிட்டேன். என் கையாலதானே..."

"படம் எடுத்துட்டிருக்காங்க. அழாதடி, எனக்கும் வந்துடும்."

"டர்க்க..." மூக்கை உறிஞ்சினாள். "டர்க்க யூப் வெட்டித் தின்னுட்டாரு. வீணாப் போகக் கூடாதாம்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறியபோது ஒரு டாக்டர் வந்தார். சின்னக் கட்டி வந்து, தானே கரைந்து போயிருக்கிறது, மூளையில் தழும்பு எதுவும் தெரியவில்லை என்றார். "தப்பிச்சாரு. அடுத்தது இப்படிப் போகும்னு சொல்ல முடியாது. மாத்திரைய இனி ஒரு வேளைகூட விடக் கூடாது," என்றார். அவர் மழையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்தில் போனேன். ஹில்கே தலையணையில் சாய்ந்து, தட்டிலிருந்த ரொட்டியை இரண்டு கடி கடித்துவிட்டு வைத்திருந்தான். நெஞ்சில் கம்பிகள். பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது, சில இடத்தில் நெருக்கியடித்து, சில இடத்தில் விட்டு விட்டு. யாரும் அதற்கு மதிப்பெண் போடவில்லை. இடது மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"ஏன் மனுஷா எங்கிட்ட சொல்லல?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், வரவில்லை.

"என்னன்னு சொல்றது? பயமா இருக்குன்னா? நீ ஒண்ணுமில்லம்ப. டாக்டர் எப்பவும் போல இருங்கம்பாரு. அந்தப் பட்டை ஒண்ணுதான் தினம் காலைல, 'ஹில்கே, உங்கள் இதயம் இன்று எப்படி இருக்கிறது'ன்னு கேட்டுச்சு."

"அது சாசேஜையும்தான் கேட்டுச்சு!"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஹில்கே மெதுவாகத் தலையாட்டினான்.

"தெரியும். இப்போ தெரியும்." அப்புறம் வலது கையை என் பக்கம் நீட்டினான். "நீ பாரு."

"அதான் மெஷின் இருக்கே."

"நீ பாரு, ரென்ஸ்."

டாக்டர் ஓசிங்கா வைத்த இடத்தில் இரண்டு விரலை வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். திடீரென்று மூன்று நாலு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வந்தன. 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல என் வாய் திறந்தது. பழக்கம். அதை அப்படியே விழுங்கினேன்.

"ஒழுங்கா இல்ல, ஹில்கே."

"ரொம்பவா?"

"ரொம்ப. எனக்குப் பயமா இருக்கு. ரொம்ப நாளாவே பயம்தான். நீ மாடிப்படில நிக்கறப்பல்லாம் கீழ நின்னு செத்துச் செத்துப் பொழைக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். தூக்கியே வைத்திருந்த தோள் இரண்டும் தலையணையில் இறங்கின.

"அப்பாடா," என்றான். "நான் மட்டும்தான் பயந்துட்டிருக்கேன்னு நெனச்சேன்."

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையும் ஒரு தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். ஹில்கே இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் விழுங்கி முடிக்கும் வரை அந்த வலது மணிக்கட்டிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை.